சொந்த ஊர் எது? புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பற்றி மானுடவியல் சொல்வது

எங்கள் மக்தப் மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஒரு படிவம் நிரப்புவோம். பெயர், வாப்பா பெயர், வயது, சொந்த ஊர் என்று நான்கைந்து கட்டங்கள்தான். சென்ற ஆண்டு வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய ஒரு சிறுவன் மற்றதையெல்லாம் தானே எழுதிவிட்டு, "சொந்த ஊர்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டான். "நான் பிறந்த ஊரா ஹஜ்ரத், வாப்பா பிறந்த ஊரா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற அவன் உம்மா, "நம்ம ஊரை எழுதுடா" என்றார். அந்த ஊரில் அவன் அதுவரை விடுமுறை நாட்களில் மட்டுமே இருந்திருக்கிறான்.

அந்தக் கேள்வி சிறியதல்ல. பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு போகும் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த மண்ணைத் தம்முடையது என்று உணர்கிறார்கள்? அந்த உணர்வைப் பள்ளிக்கூடம் எப்படி வளர்க்கிறது, எப்படிக் கெடுக்கிறது? மானுடவியல் துறையினர் அரை நூற்றாண்டாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளில் கணிசமானவை முஸ்லிம் குடும்பங்களைப் பற்றியவை. வீட்டுக்கு ஒரு சபராளி என்று வாழ்ந்துவரும் நம் சமூகம் அவற்றை அறிந்துகொள்வது நல்லது.

மானுடவியலின் வழி

எத்தனை பேர் வெளிநாடு போனார்கள், எவ்வளவு பணம் அனுப்பினார்கள் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லிவிடும். போனவர் இல்லாத வீட்டில் பெருநாள் எப்படிக் கழிகிறது, அவர் போனில் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதைச் சொல்லாது. அதை அறிய அந்த மக்களின் மொழியைக் கற்று, அவர்களிடையே மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் தங்கி, அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். மானுடவியலார் இதைக் களப்பணி என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி (ரஹ்) சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் நம்பிக்கைகளை அவர்களுடைய நூல்களைக் கொண்டும் அறிஞர்களைக் கொண்டும் அறிந்து எழுதினார். இந்த வழிக்கு அவரை ஒரு முன்னோடியாகக் கருதுவோர் பலர்.

குர்பாவை எழுதிய அறிஞர்

புலம்பெயர்வு ஆய்வில் நாம் முதலில் அறிய வேண்டிய பெயர் அப்துல் மாலிக் ஸய்யாத். 1933இல் அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதியில் பிறந்தவர். தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர், அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் பியர் பூர்தியூவைச் சந்தித்தார். விடுதலைப் போர்க் காலத்தில் (1954-1962) பிரெஞ்சு ராணுவம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம மக்களைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்த்து முகாம்களில் குடியேற்றியது. அந்த மக்களைப் பற்றி இருவரும் செய்த ஆய்வு 1964இல் நூலாக வந்தது. அதன்பின் பிரான்ஸில் வாழ்ந்த ஸய்யாத், 1998இல் மரணிக்கும் வரை, அங்கு கூலி வேலை செய்த தம் நாட்டு மக்களைப் பற்றியே எழுதினார்.

அவர் காலத்து ஆய்வாளர்கள், வேலைக்கு வந்தவர்களை அவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்துதான் பார்த்தார்கள். வீடு போதவில்லை, மொழி தெரியவில்லை, பிள்ளைகள் படிக்கவில்லை என்று "வந்தவர்களின் பிரச்சினைகள்" எழுதப்பட்டன. இங்கே வந்தவர் வேறோர் இடத்திலிருந்து போனவர், எனவே கதையை அவர் புறப்பட்ட ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஸய்யாத் வலியுறுத்தினார்.

1975இல் அவர் எழுதிய முக்கியமான கட்டுரையின் தலைப்பு "குர்பா". மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழகிய சொல். கரீப் என்றால் அந்நியன், குர்பா என்றால் அந்நிய மண்ணில் இருத்தல். அதே மூலத்திலிருந்துதான் சூரியன் மறையும் திசையான மேற்கைக் குறிக்கும் "கர்ப்" என்ற சொல்லும் வருகிறது. உருதுவில் கரீப் என்றால் ஏழை. பிரிவு, இருட்டு, இல்லாமை எல்லாம் ஒரே வேரில் கூடியிருக்கின்றன.

கபீலியா கிராமங்களில் ஸய்யாத் கண்டது இது: பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வருபவர் நல்ல உடுப்போடு வருவார், பரிசுகள் கொண்டுவருவார், பிரான்ஸைப் பெருமையாகப் பேசுவார். நெருக்கடியான அறையையும், முதுகொடிக்கும் வேலையையும், தனிமையையும் சொல்ல மாட்டார். சொன்னால் தன் கண்ணியம் போகும், இத்தனை ஆண்டுப் பிரிவுக்கும் அர்த்தம் இல்லாமல் போகும். கேட்கும் ஊராரும் துருவிக் கேட்பதில்லை. அடுத்த இளைஞன் அதை நம்பிப் புறப்படுகிறான். போய்ப் பார்த்த பிறகு அவனும் அதையே ஊரில் வந்து சொல்கிறான். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து காக்கும் இந்த மௌனமே அடுத்தடுத்த தலைமுறையை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றார் ஸய்யாத். துபாய் சென்ட் வாசத்தோடு வந்திறங்கிய மாமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஊருக்கும் பிரான்ஸுக்கும் இடையே சென்ற ஒலிநாடாக்களைப் பற்றியும் 1985இல் அவர் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்கள் கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்பின. அந்தக் காலத்தில் நம் வீடுகளிலும் அப்படி கேசட்டுகள் வந்தன, போயின. வீட்டாரெல்லாம் சூழ்ந்திருக்கக் கேட்கும் குரலில் ஒருவர் எதைச் சொல்ல முடியும், மனைவிக்கென்று எதைத் தனியே சொல்ல முடியும் என்பதெல்லாம் அவருக்கு ஆய்வுப் பொருளாயின.

1977இல் எழுதிய கட்டுரையில் அல்ஜீரியரின் புலம்பெயர்வை மூன்று காலங்களாக அவர் பிரித்தார். முதல் காலத்தில் ஊரும் குடும்பமும் ஒருவரைத் தேர்ந்து அனுப்பின. அவர் நிலத்தைக் காப்பாற்றப் பணம் ஈட்டிக்கொண்டு, சில காலத்தில் விவசாயியாகவே திரும்பினார். இரண்டாம் காலத்தில் இளைஞர்கள் தமக்காகப் போனார்கள். தங்கும் காலம் நீண்டது, ஊருக்கு வருவது விடுமுறையாகச் சுருங்கியது. மூன்றாம் காலத்தில் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன, அங்கேயே ஓர் அல்ஜீரியச் சமூகம் உருவானது. மூன்றிலும் ஒன்று மட்டும் மாறவில்லை: "கொஞ்ச காலம்தான்" என்ற எண்ணம். போனவர், அனுப்பிய ஊர், வேலை கொடுத்த நாடு ஆகிய மூவரும் அப்படியே நம்பினார்கள். அந்தக் கொஞ்ச காலம் ஓர் ஆயுள் முழுக்க நீண்டது.

அவர் இறந்த பிறகு 1999இல் வெளியான நூலின் தலைப்பு "இரட்டை இன்மை" என்ற பொருள் கொண்டது. போனவர் ஊரில் இல்லை. கல்யாணத்திலும் மய்யித்திலும் அவர் இடம் காலியாக இருக்கிறது. வேலை செய்யும் நாட்டிலும் அவர் முழுமையாக இல்லை. அங்கே அவர் ஒரு வேலையாள் மட்டுமே. வேலை போய்விட்டால் "நீ ஏன் இங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பாரிஸிலுள்ள குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகம் இன்று ஸய்யாத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது இயங்கும் மாளிகை 1931இல் பிரான்ஸ் நடத்திய காலனியக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது.

பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

மூன்றாம் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. 1962க்கு முன் அல்ஜீரியா பிரான்ஸின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. அதனால் அங்கே பிறந்த பெற்றோருக்கு, விடுதலைக்குப் பிறகு பிரான்ஸில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி பிறவியிலேயே பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். பிரான்ஸிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய தலைமுறையின் வீட்டில் பிரெஞ்சுக்காரர்கள் பிறந்தார்கள். வாப்பா இவர்களைத் தம் ஊர்ப் பிள்ளைகளாகப் பார்க்க முடியவில்லை, பிரெஞ்சுச் சமூகமும் தன் பிள்ளைகளாகப் பார்க்கவில்லை. 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரு தரப்பும் முறையாக ஏற்காத பிள்ளைகள் என்று ஸய்யாத் இவர்களைக் குறிப்பிட்டார்.

பள்ளிக்கூடம் என்ன செய்தது? 1970களில் பிரான்ஸ், "தாயக மொழியும் பண்பாடும்" என்ற பெயரில் வகுப்புகளைத் தொடங்கியது. 1973இல் போர்ச்சுகலோடு தொடங்கிய இந்த ஏற்பாடு துனிசியா, மொரோக்கோ, துருக்கி, அல்ஜீரியா என்று விரிந்தது. ஆசிரியர்களை அந்தந்த நாட்டு அரசுகளே அனுப்பின. புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க ஐரோப்பியச் சமூகமும் 1977இல் ஓர் ஆணை பிறப்பித்தது.

கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் அடியில் இருந்தது, இந்தப் பிள்ளைகள் ஒருநாள் "திரும்பிப்" போவார்கள் என்ற எண்ணம். அவர்களோ பிரான்ஸில் பிறந்தவர்கள், திரும்பிப் போக அவர்களுக்கு ஓர் இடமே இல்லை. இன்னொரு முரணும் இருந்தது. அல்ஜீரியப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி என்று கற்பிக்கப்பட்டது ஏட்டு அரபி. பல வீடுகளில் உம்மா பேசியதோ பேச்சு அரபி. கபீலியக் குடும்பங்களில் அதுவும் இல்லை, கபீலிய மொழி. வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளோ இந்தப் பிள்ளைகளின் பண்பாட்டைப் பற்றி எதுவும் கற்கவில்லை. "நீ வேறு" என்பதைத்தான் அந்த வகுப்பு இரு தரப்புக்கும் கற்றுக்கொடுத்தது.

இதைத் திருத்த முயன்றவர்களில் ஒருவர் ஜாக் பெர்க். அல்ஜீரியாவில் பிறந்த இந்தப் பிரெஞ்சு அறிஞர், பின்னாளில் 1990இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். பள்ளிக்கூடங்களில் குடியேறியோர் பிள்ளைகளின் நிலை பற்றி 1985இல் அவர் அளித்த அறிக்கை, "தாயகப் பண்பாடு" என்று பேசுவதை விட்டு, இப்பிள்ளைகள் பொது வாழ்வுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பண்பாடு என்று பேசச் சொன்னது. அந்த மொழிகளும் வரலாறும் எல்லாப் பிள்ளைகளுக்குமான பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பதே அதன் சாரம். பழைய ஏற்பாட்டை முடிப்பதாக பிரான்ஸ் அறிவித்ததோ 2020இல்தான். அதற்குள் 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிக்கூடங்களில் ஹிஜாபைத் தடுத்திருந்தது.

நான்கு நகரங்கள், ஒரே பூர்வீகம்

பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையை எவ்வளவு வார்க்கிறது என்பதைக் காட்டும் இன்னோர் ஆய்வு 2004இல் நூலாக வந்தது. வெர்னர் ஷிஃபாவர், கெர்ட் பௌமன் உள்ளிட்ட நால்வர் அதைத் தொகுத்தனர். பெர்லின், லண்டன், பாரிஸ், ராட்டர்டாம் நகரங்களின் பள்ளிக்கூடங்களில் துருக்கியப் பின்னணி கொண்ட மாணவர்களைக் கூர்ந்து கவனித்தார்கள். பூர்வீகமும் மார்க்கமும் ஒன்றுதான். ஆனால் உரிமை கேட்கும் முறை, ஆசிரியரோடு வாதிடும் முறை, தன் மார்க்கத்தைப் பொதுவில் எடுத்துச் சொல்லும் முறை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறியிருந்தன. பாடத்தைவிடப் பள்ளிக்கூடத்தின் அன்றாட நடைமுறைதான் அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

அதே பௌமன் அதற்கு முன்பு, மேற்கு லண்டனின் சவுத்தால் பகுதியில் பல ஆண்டுகள் தங்கி எழுதிய நூல் 1996இல் வந்தது. முஸ்லிம், சீக்கியர், இந்து, கரீபியர், வெள்ளையர் என்று ஒவ்வொருவரையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, "உன் சமூகம், உன் பண்பாடு" என்று அரசும் ஊடகமும் பேசின. மக்களும் சில நேரம் அப்படியே பேசினார்கள். அதே மக்கள் வேறு நேரங்களில் அந்தக் கோடுகளை இயல்பாகத் தாண்டினார்கள். பிள்ளைகள் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே கிழிபடுகிறார்கள் என்று பெரியவர்கள் கவலைப்பட, பிள்ளைகளோ எந்த இடத்தில் எப்படி என்று அறிந்து நடந்தார்கள்.

நம் பிள்ளைகள் வாழும் வளைகுடா

ஐரோப்பாவில் குடியுரிமைக்கு ஒரு வழி இருந்தது. வளைகுடாவில் பிறந்தாலும் வெளிநாட்டவரின் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை, வாப்பாவின் வேலையோடு விசாவும் முடியும். ஸய்யாத் சொன்ன "நீளும் தற்காலிகம்" அங்கே சட்டமாகவே இருக்கிறது.

துபாய் வாழ் இந்தியர்களிடையே களப்பணி செய்த மானுடவியலாளர் நேஹா வோராவின் நூல் 2013இல் வெளியானது. சட்டப்படி என்றென்றும் தற்காலிகமானவர்கள், நடைமுறையில் அந்நகரைத் தம்முடையதாக உணர்ந்து வாழ்கிறார்கள் என்று அவர் காட்டினார். அங்கே வளரும் இந்தியப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கூடங்களில், இந்தியப் பிள்ளைகளோடு மட்டுமே படிக்கிறார்கள். பல நாட்டவர் கலந்து படிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதுதான் தம் நிலையைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிறந்து வளர்ந்த நகரில் இரண்டாம் தரத்தில் இருக்கிறோம் என்ற வலியும், இது எங்கள் ஊரும்தான் என்ற உரிமைக் குரலும் அங்கே ஒன்றாக எழுவதை அவர் பதிவு செய்தார்.

சிங்கப்பூரில் வேறு விதமான சிக்கல். அங்கே பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடம் இன அடிப்படையில் அமைந்தது. முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். இனத்தால் இந்தியர், மார்க்கத்தால் முஸ்லிம் என்ற நம் மக்கள் இரண்டு பட்டியல்களுக்கும் இடையில் நிற்பதை டார்ஸ்டன் சாக்கர் 2018இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். இனத்தையும் மார்க்கத்தையும் பிணைத்துவைத்த பட்டியலில்தான் சிக்கல் இருக்கிறது, மக்களிடம் அல்ல என்பது அதிலிருந்து விளங்கும்.

பிலால் (ரலி) ஏங்கியது எந்த ஊருக்கு?

இஸ்லாமிய ஆண்டுக் கணக்கே ஒரு புலம்பெயர்விலிருந்துதான் தொடங்குகிறது. ஹிஜ்ரத்தை நாம் தியாகமாக மட்டும் பேசுகிறோம். அதிலுள்ள ஏக்கத்தைப் பேசுவதில்லை. மதீனா வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் காய்ச்சலில் படுத்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) மக்காவின் புல்லையும் மலைகளையும் நினைத்து உருகினார்கள். இது நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, மக்காவைப் போல, அதைவிடவும் அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்குவாயாக என்று துஆச் செய்தார்கள் (புகாரி).

பிலால் (ரலி) அபிசீனிய வம்சாவளியினர். மக்காவில் அடிமையாகச் சுடுமணலில் வதைக்கப்பட்டவர். அவர் ஏங்கியது அபிசீனியாவுக்கு அல்ல, வளர்ந்த மக்காவுக்கு. சொந்த ஊர் என்பது வம்சத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. புதிய ஊரின் மேலும் அன்பு பிறக்கத்தான் துஆச் செய்தார்கள். ஒரு மனதில் இரண்டு ஊருக்கு இடமுண்டு.

அன்ஸாரிகளின் பங்கும் இதில் பெரிது. ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி மட்டும் கேட்டார். வந்தவர் சுமையாக இருக்க விரும்பவில்லை, இருந்தவர் வந்தவரைச் சுமையாக நினைக்கவுமில்லை. மனிதர்களைப் பல சமூகங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று அல்குர்ஆன் (49:13) கூறுகிறது. மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதை அல்லாஹ்வின் அத்தாட்சி என்கிறது (30:22). பல்பண்பாட்டுக் கல்வி என்று இன்று சொல்லப்படுவதன் உயிர் இதுதான்: பிரித்து வைப்பதற்காக அல்ல, அறிந்துகொள்வதற்காகக் கற்பது.

நாம் செய்ய வேண்டியவை

1. உண்மையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வாப்பா என்ன வேலை செய்கிறார், எப்படி வாழ்கிறார் என்பது அவர்கள் வயதுக்கேற்பத் தெரியட்டும். மறைத்துக் காக்கும் பெருமையை அடுத்த தலைமுறையும் மறைத்தே காக்க வேண்டியிருக்கும்.

2. "உனக்கு இந்த ஊரா, அந்த ஊரா?" என்று பிள்ளையைத் தேர்வு செய்யச் சொல்லாதீர்கள். இரண்டையும் சொல்ல விடுங்கள்.

3. தமிழைத் தண்டனைப் பாடமாக ஆக்காதீர்கள். பாட்டியோடு பேசவும், ஊர்க்கதை கேட்கவும், பயான் புரியவும் உதவும் மொழியாக அது வீட்டில் இருக்கட்டும். தமிழை அரபி எழுத்தில் எழுதி அர்வி வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இரண்டை இணைப்பது நமக்குப் புதிதல்ல.

4. திரும்பி வந்த பிள்ளைகளை "துபாய்க்காரன்" என்று கேலி பேசுவதைப் பள்ளிக்கூடத்திலும் மக்தப்பிலும் தடுக்க வேண்டும். தமிழில் எழுதத் தடுமாறும் பிள்ளை மந்தமானவனல்ல, அவன் வேறு மொழியில் படித்து வந்தவன்.

5. நம் ஊருக்கு வந்திருப்பவர்களைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள் ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் வந்து நின்று, ஸலாம் கொடுத்ததும் போய்விடுகிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ரியாத்திலும் துபாயிலும் நம்மவர்கள் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அதை இங்கே நாம் செய்கிறோமா? குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் மக்தப்பிலும் சேர ஜமாஅத் உதவ வேண்டும். அங்கே முஹாஜிராக இருப்பவர்களின் ஊர், இங்கே அன்ஸாராக இருக்க வேண்டாமா?

அந்தச் சிறுவனிடம் இரண்டு ஊரையும் எழுதச் சொன்னேன். இப்போது எங்கள் படிவத்தில் "சொந்த ஊர்" என்ற கட்டம் இல்லை. "பிறந்த ஊர்", "இப்போது வாழும் ஊர்" என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. மாற்றிய படிவத்தில் முதலில் சேர்ந்தவன் ஒரு கொத்தனாரின் மகன். பிறந்த ஊர் என்ற இடத்தில் அவன் வாப்பா முர்ஷிதாபாத் என்று சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். இப்போது வாழும் ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊரின் பெயரை அந்தப் பையனே தமிழில் எழுத்துக்கூட்டி எழுதினான்.

பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கு வல்ல அல்லாஹ் ஆறுதலையும், நம் பிள்ளைகளுக்கு அவர்கள் வாழும் ஊரின் மேல் பிரியத்தையும், வந்தவர்களை வரவேற்கும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.